நிலையம் எங்கே வருகிறது? கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றை நான்கு ரயில் நிலையங்கள் வழியாகப் படிப்போம்



ரயில் போக்குவரத்து பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்: "ரயில் சேவை மக்களுக்குப் பெரும் வசதியாக உள்ளது, போக்குவரத்து நெரிசலைக் குறைக்கிறது, சுற்றுச்சூழல் தூய்மைக்கு உதவுகிறது." தவறில்லை. ஆனால், இந்த மூன்று வரியையும் உலகத்தில் எந்த ஊருக்கும் எழுதிவிடலாம், இல்லீங்களா? கிள்ளானில் இருந்து எழுதும் மாணவனுக்கும் பிரிக்பீல்ட்ஸில் இருந்து எழுதும் மாணவிக்கும் சொல்ல இதைவிட நல்ல செய்தி இருக்கிறது. நம் வட்டாரத்தில் எந்த ஊர் வளர வேண்டும், எந்த ஊர் ஒதுங்க வேண்டும் என்பதை 1886 முதல் இன்றுவரை பல முறை தீர்மானித்தது ரயில் நிலையம்தான்.

இந்தக் கட்டுரையில் நான்கு நிலையங்களைப் பார்க்கப் போகிறோம். முதலாவது, நான்கே ஆண்டு கடைசி நிலையமாக இருந்து மறைந்த புக்கிட் கூடா. இரண்டாவது, ஒரு துறைமுகத்தையே தன்னோடு இழுத்துச் சென்ற போர்ட் சுவெட்டன்ஹாம். மூன்றாவது, ரயில் பெட்டிகள் நின்ற நிலத்தில் எழுந்த கே.எல். சென்ட்ரல். நான்காவது, திட்டத்தில் எழுதப்பட்டு, அடிக்கப்பட்டு, மறுபடியும் எழுதப்பட்ட புக்கிட் ராஜா எல்.ஆர்.டி. நிலையம்.

படிக்கும்போது மூன்று சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: திட்டம், முடிவு, விளைவு. திட்டம் என்பது தாளில் இருப்பது. முடிவு என்பது ஒருவர் கையெழுத்துப் போட்டது. விளைவு என்பது ஊரில் நடந்தது. வரலாற்றுக் கட்டுரையில் மதிப்பெண் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், இந்த மூன்றையும் கலந்து எழுதுவதுதான்.

1. புக்கிட் கூடா: நான்கு ஆண்டுக் கடைசி நிலையம்

சிலாங்கூரின் தலைநகரம் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. ஈயம் கிடைத்தது உள்நாட்டில். கப்பல் நின்றது கடலோரத்தில். இரண்டுக்கும் நடுவே இருந்தது கிள்ளான் ஆறும் சேற்றுப் பாதையும்தான். படகில் டாமன்சாரா வரை வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் கோலாலம்பூருக்குச் சரக்கு போனது. மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம்.

1882இல் சிலாங்கூரின் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் ரயில் பாதை அமைக்க முனைந்தார். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் மாதம் பேராக்கில், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ஏறத்தாழ 31 கிலோமீட்டர் பாதை ஓடத் தொடங்கியது.

புக்கிட் கூடா எங்கே இருக்கிறது? கிள்ளான் நகரத்துக்கு எதிர்ப்புறம், ஆற்றின் அந்தக் கரையில். ரயில் ஆற்றங்கரை வரை வந்து நின்றுவிடும். மக்களும் சரக்கும் படகேறித்தான் கிள்ளானுக்குப் போக வேண்டும். ஏன் அப்படி? ஆற்றின் குறுக்கே பாலம் இன்னும் இல்லை. பாலம் கட்டும்வரை காத்திருக்காமல், முடிந்த இடம் வரை பாதையைத் திறந்துவிட்டார்கள்.

கோனாட் பாலம் 1890இல் முடிந்தது. ரயில் ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. அதோடு புக்கிட் கூடாவின் கதையும் முடிந்தது. படகோட்டிக்கு வேலை இல்லை. கரையில் சரக்கு இறக்கத் தேவை இல்லை. இன்றைக்குக் கிள்ளானில் அது ஓர் இடப்பெயராகவும் சாலைப் பெயராகவும் இருக்கிறது. ஒரு காலத்தில் சிலாங்கூர் ரயிலின் எல்லையே அதுதான் என்பது அந்தச் சாலையில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாணவர்களே, இங்கே ஒரு கருத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நிலையமாக இருப்பது ஓர் ஊருக்குக் கிடைக்கும் தற்காலிகச் செல்வம். பாதை நீண்டால், அந்தச் செல்வமும் அதோடு நகர்ந்துவிடும். இதே கருத்து அடுத்த நிலையத்திலும் வரும்.

2. போர்ட் சுவெட்டன்ஹாம்: நிலையத்தின் பின்னால் போன துறைமுகம்

கிள்ளான் நகரம் ஆற்றுத் துறைமுகம். ஆறு வளைந்து வளைந்து வரும், ஆழமும் போதாது. பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியவில்லை. ஈய ஏற்றுமதி பெருகப் பெருக இது பெரிய தடையானது. ஆற்றின் முகத்துவாரத்தில், தீவுகள் அலையைத் தடுத்து நிற்கும் அமைதியான நீர்ப்பரப்பு ஒன்று இருந்தது. அங்கே புதிய துறைமுகம் கட்ட முடிவாயிற்று. ரயில் பாதையும் அந்த முகத்துவாரம் வரை நீட்டப்பட்டது. 1901 செப்டம்பர் 15ஆம் நாள் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. விளைவு? திறந்த இரண்டு மாதத்துக்குள் மலேரியா காய்ச்சல் பரவித் துறைமுகத்தை மூட வேண்டியதாயிற்று. துறைமுகம் நின்ற இடம் சதுப்பு நிலம், கொசுவுக்குத் தாய்வீடு. அப்போது கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், காட்டை அழித்து, சதுப்பை நிரப்பி, வடிகால் வெட்டி நீரை வெளியேற்றும் வழியைச் செயல்படுத்தினார். அதன் பிறகே துறைமுகம் மீண்டும் இயங்கியது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்தது 1897இல். அந்த அறிவியல் உண்மை நடைமுறையில் சோதிக்கப்பட்ட முதல் இடங்களில் ஒன்று நம் கிள்ளான்.

படிவ மாணவர்கள் பலர் இந்த மருத்துவரின் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். ஒரு படி மேலே போய் யோசியுங்கள். வாட்சன் வழி காட்டினார், சரி. அந்த வடிகாலை வெட்டியது யார்? சதுப்பில் இறங்கி மண் நிரப்பியது யார்? தண்டவாளம் போட்டது யார்? மலாயாவின் ரயில் பாதைகளிலும் துறைமுகத்திலும் பொதுப்பணி வேலைகளிலும் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் உழைத்தார்கள். தைப்பிங் பாதைக்கு இலங்கையிலிருந்து முன்னோடிப் படையினர் கொண்டுவரப்பட்டார்கள். யாழ்ப்பாணத் தமிழர்களில் ஆங்கிலம் படித்தவர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். ஆக, ஒரே ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் மீது ஒரு தமிழரும் மேசைக்குப் பின்னால் ஒரு தமிழரும் இருந்தார்கள். இருவருக்கும் இடையே சம்பளத்திலும் மதிப்பிலும் இருந்த தூரம் சின்னத் தூரமில்லை. "தமிழர்கள் ரயில்வேயில் வேலை செய்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்தால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

ஈயத்துக்காக வந்த பாதை பிறகு ரப்பருக்கும் உதவியது. தோட்டங்களிலிருந்து ரப்பர் இந்த வழியாகத்தான் கப்பலுக்குப் போனது. எதிர்த்திசையில் ஆட்கள் வந்தார்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் பினாங்கைத் தொட்டு, போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் வந்தன. 'ரஜூலா' கப்பலின் பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. சரக்கு வெளியே போக, மனிதர் உள்ளே வர ஒரே வாசல். நம்மில் பலர் குடும்பத்தின் மலேசிய வரலாறு அந்த வாசலில்தான் தொடங்குகிறது.

1972இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் போர்ட் கிள்ளான் ஆனது.

3. கப்பல் இடம் மாறினால் பழைய துறைமுகம் என்ன ஆகும்?

1973இல் போர்ட் கிள்ளானில் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. கொள்கலன் என்றால் கண்டெய்னர். இந்த இரும்புப் பெட்டி உலகம் முழுவதும் துறைமுகங்களைப் புரட்டிப் போட்டது. முன்பு மூட்டையைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. கொள்கலனுக்கு வேண்டியது ஆழமான நீர், அகலமான நிலம், பெரிய பாரந்தூக்கி. நகரத்தை ஒட்டிய பழைய துறைமுகங்களால் இதைத் தாங்க முடியவில்லை.

உலக எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். கட்டுரையில் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம். இலண்டனின் கிழக்கில், தேம்ஸ் ஆற்றோரம் இருந்த துறைமுகப் பகுதிகள் 1960களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1981இல் ராயல் டாக்ஸும் மூடியது. வேலை போயிற்று, நிலம் பாழானது. அங்கே மறுமேம்பாட்டுக்குத் தனி ஆணையம் அமைத்தார்கள். 1987இல் பழைய ரயில் மேம்பாலங்களையும் பயன்படுத்தி ஓர் இலகு ரயில் சேவையைத் தொடங்கினார்கள். அதில் கேனரி வார்ஃப் என்ற நிலையம் தொடக்கத் திட்டத்திலேயே இருந்தது. ஆனால், சுற்றிலும் கட்டுமானம் நடக்காததால் ரயில்கள் அங்கே நிற்காமல் போயின. 1991இல்தான் அது பயணிகளுக்குத் திறந்தது. அதே வட்டாரத்தில் தேம்ஸ் வார்ஃப் என்ற இன்னொரு நிலையம் பல ஆண்டுகளாகத் திட்டமாகவே இருந்து வருகிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பழைய காலத்தில் சரக்கு இருக்கும் இடத்துக்கு ரயில் போனது. மறுமேம்பாட்டுக் காலத்தில் முதலில் நிலையத்தை அறிவிக்கிறார்கள். அதை நம்பி முதலீடு வருகிறது. பிறகே மக்கள் வருகிறார்கள். வரிசை தலைகீழாகிவிட்டது. இந்த வரிசை மாற்றத்தை நம் நாட்டில் கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால் பிரிக்பீல்ட்ஸுக்குப் போக வேண்டும். அங்கே கப்பல்துறை இல்லை. ஆனால், துறைமுகத்துக்குப் போன ரயில் பெட்டிகள் சேர்ந்து நின்ற நிலம் இருந்தது.

4. கே.எல். சென்ட்ரல்: 72 ஏக்கர் தண்டவாளம்

1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடம் கட்ட வேண்டும் என்றார்கள். யாப் ஆ லோய் செங்கல் சூளைகளுக்காக நிலம் வாங்கிய இடமே பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே தொழில் இருக்கிறது. பிறகு ரயில்வே வந்தது. சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் தண்டவாளக் களமும் ரயில்வே ஊழியர் குடியிருப்புகளும் அங்கே அமைந்தன. 1905இல் கட்டப்பட்ட 'நூறு குவாட்டர்ஸ்' குடியிருப்பு அவற்றில் பெயர் பெற்றது.

ஊழியர்கள் குடியேறிய பின், அவர்களுக்கு வேண்டியதெல்லாம் பக்கத்திலேயே எழுந்தது. 1902இல் இலங்கைத் தமிழர்கள் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை நிறுவினார்கள். 1904இல் விவேகானந்தர் ஆசிரமம் தோன்றியது. பூக்கடை, பலகாரக்கடை, தையற்கடை, அச்சகம், பள்ளிக்கூடம் என்று ஒரு முழு வாழ்க்கை உருவானது. ரயில்வே சம்பள நாளில் இந்தக் கடைகளுக்கு வருமானம். ஒரு தண்டவாளக் களம் ஒரு தமிழ்ப் பேட்டையையே வளர்த்தது என்று சொன்னால் மிகையில்லை.

1990களில் இந்த 72 ஏக்கர் களத்தை நாட்டின் தலைமைப் போக்குவரத்து மையமாக மாற்ற முடிவெடுக்கப்பட்டது. 1994இல் மலேசியன் ரிசோர்சஸ் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் தலைமையிலான கூட்டமைப்புக்கு அந்தப் பணி கிடைத்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைப்பில் ஈடுபட்டார். 2001 ஏப்ரலில் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டின் பழைய கோலாலம்பூர் நிலையம், ஹப்பக் வடிவமைத்த அந்த அழகிய வெள்ளைக் கட்டடம், தலைமை நிலையம் என்ற தகுதியை இழந்தது. புக்கிட் கூடாவுக்கு 1890இல் நடந்தது நினைவுக்கு வருகிறதா?

2002இல் விமான நிலைய விரைவு ரயிலும், 2003இல் மோனோரயிலும் வந்தன. இந்த மோனோரயில் விஷயம் ஒரு நல்ல பாடம். அதன் நிலையத்தின் பெயர் கே.எல். சென்ட்ரல். ஆனால், அது கே.எல். சென்ட்ரல் கட்டடத்துக்குள் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம், துன் சம்பந்தன் சாலையில் இருந்தது. பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நடந்து மாறினார்கள். 2014இல் நடுவில் இருந்த நு சென்ட்ரல் பேரங்காடி திறந்த பிறகே அதன் வழியாக நிழலில் நடக்க முடிந்தது. பதினோரு ஆண்டு! பெயரளவில் இணைந்திருப்பது வேறு, காலளவில் இணைந்திருப்பது வேறு.

பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்கு இதனால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று? இரண்டையும் எழுத வேண்டும். கிடைத்தது: நாட்டின் எந்த மூலைக்கும் போகும் ரயில் வாசலருகே, வேலை வாய்ப்பு, சுற்றுப்பயணிகள். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் மலேசியா வந்தபோது லிட்டில் இந்தியா திறப்பு விழா நடந்தது. போனது: ரயில்வே குடியிருப்புகளின் பெரும்பகுதி இடிந்தது, வாடகையும் நில மதிப்பும் ஏறின, வானுயர்ந்த கட்டடங்களின் நிழலில் பழைய வீடுகள் சுருங்கின. 2014இல் விவேகானந்தர் ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வெளியானபோது பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வீடு இடிக்கப்பட்டபோது எழாத குரல் ஆசிரமத்துக்கு எழுந்தது ஏன்? குவாட்டர்ஸ் என்பது அரசாங்க வீடு. குடியிருந்தவருக்கு அது சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பேட்டையை வளர்த்தவர்களின் பெயரில் அந்தப் பேட்டையின் நிலப் பட்டா இல்லை. நகர மறுமேம்பாடு பற்றி எழுதும் எவரும் கவனிக்க வேண்டிய முடிச்சு இதுதான்.

5. புக்கிட் ராஜா: எழுதி, அடித்து, மறுபடி எழுதிய நிலையம்

இப்போது மீண்டும் கிள்ளானுக்கு வருவோம். பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலாம் வழியாகக் கிள்ளானின் ஜொகான் செத்தியா வரை ஓர் எல்.ஆர்.டி. தடம் திட்டமிடப்பட்டது. மக்கள் பேச்சில் எல்.ஆர்.டி. 3; அதிகாரப்பூர்வமாக ஷா ஆலாம் தடம். ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளம், 26 நிலையங்கள்.

2018இல் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு ஜூலையில் புதிய அரசு திட்டச் செலவை மறுஆய்வு செய்தது. 3,165 கோடி வெள்ளி என்று உயர்ந்திருந்த மொத்தச் செலவை 1,663 கோடி வெள்ளியாகக் குறைத்தார்கள். எப்படிக் குறைந்தது? ஆறு பெட்டி ரயிலுக்குப் பதிலாக மூன்று பெட்டி ரயில். 42 ரயில் தொகுதிகளுக்குப் பதிலாக 22. ஷா ஆலாமில் நிலத்தடிச் சுரங்கமும் அதிலிருந்த நிலையமும் கைவிடப்பட்டன. மேலும் ஐந்து நிலையங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த ஐந்தில் கிள்ளான் பகுதியைச் சேர்ந்தவை புக்கிட் ராஜாவும் பண்டார் பொட்டானிக்கும்.

புக்கிட் ராஜா என்ற பெயரைக் கேட்டாலே கிள்ளான்காரர்களுக்குத் தோட்டம் நினைவுக்கு வரும். தோட்டமாக இருந்த நிலம் தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பு நகரமாகவும் மாறிய இடம். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்கள் கிள்ளானைச் சுற்றியுள்ள தாமான்களில் இன்று வாழ்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நிலையம் இருப்பதும் இல்லாமல் போவதும் வெறும் கணக்கு வரி இல்லை. ஷிப்ட் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் தொழிலாளிக்கும், கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாறும் மாணவிக்கும் அது அன்றாடக் கேள்வி.

2023 அக்டோபரில், 2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தபோது, பிரதமர் டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிம் இந்த ஐந்து நிலையங்களும் மீண்டும் சேர்க்கப்படும் என்று அறிவித்தார். அதற்கான செலவாக 470 கோடி வெள்ளி குறிப்பிடப்பட்டது. திட்டம் ஒன்றே, ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு முடிவு. இரண்டுக்கும் நியாயம் உண்டு. கடன் சுமையைக் குறைப்பது ஓர் அரசின் பொறுப்பு. மக்கள் குடியிருக்கும் இடத்தைத் தாண்டி ரயில் நிற்காமல் போனால், கட்டிய பாதையால் அவர்களுக்குப் பயன் என்ன என்பதும் பொறுப்பான கேள்வியே. தேர்வில் ஒரு பக்கத்தை மட்டும் புகழ்ந்தோ திட்டியோ எழுதாமல், இரண்டு முடிவுக்கும் காரணம் காட்டி எழுதுங்கள்.

வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டீச்சர், எல்.ஆர்.டி. போர்ட் கிள்ளானுக்குப் போகுமா?" போகாது. தடம் ஜொகான் செத்தியாவில் முடிகிறது. துறைமுகத்துக்கு இன்னமும் பழைய பாதைதான். 1995இல் தொடங்கிய கொம்யூட்டர் சேவைதான். இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய தடத்தில் மற்ற ரயில் தடங்களோடு சேரும் இணைப்பு நிலையங்களாகத் திட்டமிடப்பட்டவை பண்டார் உத்தாமாவும் கிளென்மேரியும். கிள்ளானின் பழைய ரயில் நிலையம் அந்தப் பட்டியலில் இல்லை. தெங்கு கிளானா சாலைக்கு, அதாவது கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்கு, நடந்து போகும் தொலைவில் இருப்பது அந்தப் பழைய நிலையம். தீபாவளிக்குத் துணி எடுக்கவும் மாலை வாங்கவும் தலைமுறை தலைமுறையாக மக்கள் இறங்கிய இடம். 1890இல் ஊருக்குள் வந்த பாதையும் நம் காலத்துப் பாதையும் ஒரே ஊரில் ஓடும், ஆனால், கைகுலுக்காது. மோனோரயிலுக்குப் பதினோரு ஆண்டு நடந்த கதையைப் படித்த பிறகு, இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியுமா?

6. நான்கும் சேர்ந்து சொல்வது

நான்கு நிலையங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1886இல் ஈயத்துக்காக நிலையம் வந்தது. 1901இல் கப்பலுக்காக வந்தது. 2001இல் நிலத்தின் மதிப்பும் பயணியும் சேர்ந்து நிலையத்தைக் கொண்டுவந்தன. 2023இல், அடிக்கப்பட்ட நிலையத்தை மக்கள் தேவையைச் சொல்லித் திரும்பக் கேட்க முடிந்தது. முதல் இரண்டிலும் ஊர் மக்களை யாரும் கேட்டதில்லை. நான்காவதில் கேட்க வாய்ப்பு இருக்கிறது. இந்த மாற்றம்தான் நூற்று நாற்பது ஆண்டில் நாம் அடைந்தது.

அந்த வாய்ப்பைப் பயன்படுத்த, ஊர் தன் வரலாற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "இங்கே ஒரு நிலையம் வேண்டும்", "இந்தக் கட்டடம் இருக்க வேண்டும்" என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். நூறு குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்களின் அனுபவம் அவர்களோடு போய்விட்டால், பிரிக்பீல்ட்ஸ் வரலாறு செங்கல் சூளையில் தொடங்கிப் பேரங்காடியில் முடிந்துவிடும். நடுவில் நூறு ஆண்டு வெற்றிடம்.

தேர்வு மாணவர்களுக்கு

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்:
1880 – சிலாங்கூர் தலைநகரம் கோலாலம்பூருக்கு மாற்றம்
1885 – தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை
1886 – கோலாலம்பூர்–புக்கிட் கூடா பாதை
1890 – கோனாட் பாலம். ரயில் கிள்ளானுக்குள் நுழைவு
1901 – போர்ட் சுவெட்டன்ஹாம் திறப்பு
1972 – போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம்
1973 – கொள்கலன் முனையம்
2001 – கே.எல். சென்ட்ரல் திறப்பு
2018, 2023 – எல்.ஆர்.டி. 3 நிலையங்கள் ஒத்திவைப்பு, மீட்பு

பயன்படுத்தத் தக்க சொற்கள்: முகத்துவாரம், கொள்கலன், மறுமேம்பாடு, இணைப்பு நிலையம், இடப்பெயர்வு, வாழ்வாதாரம், பாரம்பரியம், வரவு செலவுத் திட்டம்.

பத்தி எழுதும் முறைக்கு ஒரு மாதிரி: "1890இல் கோனாட் பாலம் திறக்கப்பட்டதால் ரயில் நேரடியாகக் கிள்ளான் நகருக்குள் வந்தது. இதனால் அதுவரை கடைசி நிலையமாக இருந்த புக்கிட் கூடா தன் முதன்மையை இழந்தது. ஆகவே, போக்குவரத்து வளர்ச்சி ஓர் ஊருக்கு நன்மை தரும் அதே வேளையில் மற்றோர் ஊரைப் பின்னுக்குத் தள்ளவும் கூடும்." முதல் வரி நிகழ்வு, இரண்டாவது விளைவு, மூன்றாவது உங்கள் கருத்து. மூன்று வரியில் ஒரு வாதம் முழுமையாகிவிட்டது.

பயிற்சி வினாக்கள்:
1. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் உருவானதற்கான காரணங்களையும் தொடக்கத்தில் அது சந்தித்த சிக்கலையும் விளக்குக.
2. ரயில்வே வேலை பிரிக்பீல்ட்ஸின் தமிழ்ச் சமூக வாழ்வை எவ்வாறு உருவாக்கியது?
3. 'நகர மறுமேம்பாட்டில் எல்லாரும் ஒரே அளவு பயன் பெறுவதில்லை.' இக்கூற்றைக் கே.எல். சென்ட்ரல் கொண்டு ஆராய்க.
4. உங்கள் வட்டாரத்தில் ஒரு புதிய ரயில் நிலையம் அமைக்க இடம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் தரப்பட்டால், எவற்றைக் கருத்தில் கொள்வீர்கள்?

ஆசிரியர்களுக்கு

நான்காவது வினாவை உயர்நிலைச் சிந்தனை நடவடிக்கையாக நடத்தலாம். வட்டார வரைபடம் ஒன்றை அச்செடுத்துக் கொடுங்கள். மூன்று நிலையங்களுக்கு மட்டும் பணம் இருக்கிறது என்று சொல்லுங்கள். மருத்துவமனை, பள்ளி, தொழிற்பேட்டை, கோவில், சந்தை, பழைய குடியிருப்பு ஆகியவற்றில் எதன் பக்கத்தில் நிலையம் வைப்பது என்று குழுக்கள் வாதிடட்டும். பிறகு, 'இரண்டுக்குத்தான் பணம்' என்று குறைத்துப் பாருங்கள். எந்த நிலையத்தை அடிக்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதில் முழுப் பாடமும் வந்துவிடும்.

இன்னொரு வேலை வீட்டுக்குக் கொடுங்கள். தாத்தா, பாட்டி, அக்கம்பக்கத்துப் பெரியவர் யாராவது ரயில்வேயிலோ துறைமுகத்திலோ தோட்டத்திலோ வேலை பார்த்திருந்தால், அனுமதி கேட்டு, பத்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து வரட்டும். எந்த ஆண்டு, எந்த நிலையம், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எந்த வீட்டில் குடியிருப்பு என்ற ஐந்து கேள்வி போதும். அடுத்த முறை ஒரு நிலையத் திட்டம் மேசைக்கு வரும்போது, இந்தப் பதிவுகள் உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கட்டும்.